குழந்தைகளோடு கப்பல் பயணமா? கேபின் தேர்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு எட்டரை மணி. மூன்று வயதுச் சின்னவள் ஒருவழியாகத் தூங்கிவிட்டாள். மேலே மடக்குப் படுக்கையில் ஒன்பது வயதுப் பெரியவன் புரண்டுகொண்டிருக்கிறான். விளக்கைப் போட்டால் சின்னவள் எழுந்துவிடுவாள். டிவி கூடாது, பேச்சும் கூடாது. நானும் மனைவியும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டவலை மடித்துத் தரையில் போட்டு உட்கார்ந்தோம். ஆளுக்கொரு துண்டு கேக்கை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தோம். நாலு தளம் மேலே பாட்டும் கூத்துமாக இருந்தது. ஏழு இரவில் ஐந்து இரவு இப்படித்தான் போயிற்று.

தப்பு கப்பலுடையது இல்லை, எங்களுடையது. விலையைப் பார்த்தோம், படத்தைப் பார்த்தோம், நாலு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்ததைப் பார்த்தோம். ஒருவர் தூங்கும்போது மற்றவர்கள் எங்கே இருப்பார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை. பகலில் கேபினில் யார் இருக்கப்போகிறார்கள்? நீச்சல் குளம், சாப்பாட்டுக் கூடம், கரையில் இறங்கிச் சுற்றுவது என்று பொழுது போய்விடும். கேபின் வேலைக்கு வருவது தூங்கும் நேரத்தில்தான். குழந்தைகள் உள்ள வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்குவதும் கிடையாது. அதனால் கேபின் தேர்வு முக்கால்வாசி தூக்கக் கணக்கு. மீதியை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: தூக்கக் கணக்கை எழுதுங்கள்

எந்தக் கப்பல், என்ன விலை என்று தேடுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். வீட்டில் யார் எத்தனை மணிக்குத் தூங்குகிறார்கள், எப்போது எழுகிறார்கள், யாருக்குப் பகல் தூக்கம் உண்டு, யாருக்குச் சின்ன வெளிச்சம் பட்டாலும் விழிப்பு வந்துவிடும் என்று எழுதுங்கள். கப்பலுக்குப் போனால் எல்லாம் மாறிவிடும் என்று நம்பாதீர்கள். மாறும், ஆனால் மோசமான பக்கமாகத்தான் மாறும்.

கைக்குழந்தை என்றால் முதலில் வயது வரம்பைப் பாருங்கள். ராயல் கரீபியன், கார்னிவல், டிஸ்னி போன்ற பெரிய நிறுவனங்கள் 6 மாதம் முடியாத குழந்தையை ஏற்றுவதில்லை. அட்லாண்டிக், பசிபிக் கடல்களைக் கடக்கிற மாதிரி பல நாள் கரையே தொடாத பயணம் என்றால் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். புக்கிங் செய்யும் நாளில் இல்லை, கப்பல் ஏறும் நாளில் என்ன வயது என்பதே கணக்கு. வர்ஜின் வாயேஜஸ் போல 18 வயதுக்குக் கீழே யாரையுமே ஏற்றாத நிறுவனங்களும் உண்டு.

மூன்று வயது ஆகி, டயப்பரும் விட்டிருந்தால் கணக்கு கொஞ்சம் இளகும். பெரிய கப்பல்களில் உள்ள குழந்தைகள் கிளப் பெரும்பாலும் அந்த வயதிலிருந்து சேர்த்துக்கொள்ளும். ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்திருப்பது சகஜம். உங்கள் பிள்ளை அங்கே சந்தோஷமாக இருக்கும் ரகமா, ஐந்தாவது நிமிடமே அம்மா வேண்டும் என்று அழும் ரகமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது ரகம் என்றால் எட்டு மணிக்கு மேல் பெற்றோரில் ஒருவராவது கேபினில்தான் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

பத்து வயதுக்கு மேல் தூக்கப் பிரச்சினை தலைகீழாகிவிடும். நீங்கள் தூங்க நினைப்பீர்கள், அவர்கள் விழித்திருப்பார்கள்.

இரண்டாம் படி: 'நாலு பேர் தங்கலாம்' என்றால் என்ன?

சாதாரணக் கேபினில் பெரியவர்களுக்கு இரண்டு ஒற்றைக் கட்டில்கள் இருக்கும். சேர்த்துப் போட்டால் இரட்டைக் கட்டில். மூன்றாவது, நாலாவது ஆளுக்குப் படுக்கை இரண்டு வழியில் வரும். ஒன்று, பிரித்துப் போடும் சோஃபா. இன்னொன்று, கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறக்கும் புல்மேன் படுக்கை. இதில் ஏறச் சின்ன ஏணி வைத்திருப்பார்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை மேல் படுக்கையில் போடாதீர்கள். பக்கத் தடுப்பு இருக்கும், ஆனால் பாதித் தூக்கத்தில் பாத்ரூம் போக இறங்கும்போது அது உதவாது. ஆகவே 'நாலு பேர்' என்று பார்த்தவுடன் நிறுத்திவிடாமல், மற்ற இரண்டு படுக்கையும் எந்த வகை என்று கேளுங்கள். இரண்டுமே மேல் படுக்கை என்றால், இரண்டு குழந்தைகளும் சின்னவர்களாக உள்ள குடும்பத்துக்கு அது இரண்டு பேர் கேபின்தான்.

தொட்டிலில் படுக்கும் குழந்தையும் ஓர் ஆளாகவே எண்ணப்படும். இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை என்றால் ஐந்து பேர். பெரும்பாலான சாதாரணக் கேபின்கள் நாலு பேரோடு நின்றுவிடும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. படத்தில் நாலு படுக்கை தெரியும், ஆனால் புக்கிங் செய்யப் போனால் மூன்றாவது ஆளைச் சேர்க்க விடாது. இது பெரும்பாலும் கணினிக் கோளாறு இல்லை. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் இன்னின்ன உயிர்காப்புப் படகுகள் என்று ஒதுக்கீடு இருக்கும். அந்தப் பகுதியில் தலைகளின் எண்ணிக்கை படகு இருக்கைகளை எட்டிவிட்டால், கேபினில் படுக்கை காலியாக இருந்தாலும் ஆளைச் சேர்க்க மாட்டார்கள். குடும்பக் கேபின்கள் சீக்கிரம் தீர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அளவு பற்றி ஒரு சின்ன வேலை சொல்கிறேன். சாதாரணக் கேபின், பாத்ரூமும் சேர்த்து, ஏறக்குறைய 150 முதல் 200 சதுர அடி. வீட்டு ஹாலில் 10 அடிக்கு 17 அடி சாக்பீஸால் ஒரு கட்டம் போடுங்கள். அதில் இரட்டைக் கட்டில், பிரித்த சோஃபா, பாத்ரூம், அலமாரி ஆகியவற்றுக்கு இடம் வரைந்துவிட்டுத் தொட்டிலை எங்கே வைப்பது என்று பாருங்கள். நாங்கள் இரண்டாவது பயணத்துக்கு முன் இதைச் செய்தோம். சோஃபாவைப் பிரித்த பிறகு தொட்டிலுக்குக் கிடைத்த ஒரே இடம் பாத்ரூம் கதவுக்கு நேர் எதிரே. பையன் அந்தக் கட்டத்துக்குள் ஒரு தடவை படுத்து எழுந்துவிட்டு, "அப்பா, நான் பாத்ரூம் போகணும்னா பாப்பாவைத் தாண்டிக் குதிக்கணுமா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியிலேயே முடிவு வந்துவிட்டது.

மூன்றாம் படி: ஒரு கேபினா, இரண்டா?

நாலு பேருக்கு மேல் இருந்தால்தான் இரண்டு கேபின் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்க்காமல் அப்படி முடிவு செய்யாதீர்கள்.

கப்பல் கட்டணம் கேபினுக்கு இரண்டு பேர் என்ற அடிப்படையில் போடப்படுகிறது. முதல் இருவருக்கு முழுக் கட்டணம். மூன்றாவது, நாலாவது ஆளுக்கு வழக்கமாகக் குறைவு. அவர்கள் குழந்தைகளா பெரியவர்களா என்பது பல நிறுவனங்களில் பொருட்டே இல்லை. உதாரணத்துக்கு, பால்கனி கேபினில் முதல் இருவருக்குத் தலைக்கு 100, அடுத்த இருவருக்கு 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 300. சன்னல் இல்லாத உள்பக்கக் கேபினில் தலைக்கு 70 என்றால், இரண்டு கேபினுக்கு நாலு பேருக்கும் சேர்த்து 280. கிட்டத்தட்ட அதே பணத்தில் இரண்டு பாத்ரூம், இரண்டு அலமாரி, நாலு நல்ல கட்டில், நடுவில் ஒரு கதவு. துறைமுகக் கட்டணம், வரி ஆகியவை தலைக்கு இவ்வளவு என்பதால் எப்படிப் பிரித்தாலும் மாறாது. எண்கள் நிஜத்தில் வேறு மாதிரி வரும். சில சமயம் இரண்டு கேபின் ரொம்பவே கூடுதலாகவும் இருக்கும். ஆனால் இரண்டு வழியிலும் விலை கேட்டுப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இரண்டு கேபின் என்று முடிவானால், எப்படிப்பட்ட இரண்டு என்பது முக்கியம். 'கனெக்டிங்' என்றால் இரண்டுக்கும் நடுவே உள்கதவு உண்டு. 'அட்ஜாயினிங்' என்றால் பக்கத்துப் பக்கத்துக் கேபின், அவ்வளவுதான். கதவு இருக்க வேண்டும் என்பதில்லை. போனில் புக்கிங் செய்யும்போது இந்த இரண்டு வார்த்தையையும் ஒன்றாகக் குழப்பிவிடுவார்கள். 'நடுவில் கதவு உண்டா?' என்று நேராகவே கேட்டுவிடுங்கள். சின்னக் குழந்தைகள் என்றால் கனெக்டிங் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால், பெற்றோருக்குப் பால்கனி, அதற்கு நேர் எதிரே நடைவழிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு உள்பக்கக் கேபின் என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அவர்களுக்குத் தனிக் குடித்தனம் வைத்த மாதிரி பெருமை, நமக்கு நிம்மதி.

பெரியவர் இல்லாமல் பிள்ளைகள் பெயரில் மட்டும் ஒரு கேபினைப் பல நிறுவனங்கள் தராது. பெற்றோர் பக்கத்திலோ எதிரிலோ இருந்தால் விதியைத் தளர்த்துவார்கள். எவ்வளவு தளர்வு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தளராத இடத்தில் அப்பாவோடு ஒரு பிள்ளை, அம்மாவோடு ஒரு பிள்ளை என்று பதிவு செய்துவிட்டு, ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் கூடுதல் சாவி அட்டை கேட்டு வாங்கிக்கொண்டு விருப்பம்போல் படுப்பதுதான் வழக்கம். அவசர காலத்தில் பயணிகள் ஒன்றுசேர வேண்டிய இடம் கேபினை வைத்துத்தான் குறிக்கப்படும். அதனால் இரண்டு கேபினும் வெவ்வேறு மூலையில் இருக்கக் கூடாது.

நாலாம் படி: எந்த வகை?

உள்பக்கக் கேபினை மட்டமாகப் பேசுகிறவர்கள் அதிகம். நான் அந்தக் கட்சி இல்லை. விளக்கை அணைத்தால் அமாவாசை இருட்டு. காலை ஐந்து மணிக்கே எழும் குழந்தை ஏழு வரை தூங்கும். கோடையில் நார்வே, அலாஸ்கா பக்கம் போனால் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அங்கே இந்த இருட்டு ஒரு வரம். ராயல் கரீபியனின் குவான்டம் வகைக் கப்பல்களில், 2014 முதல், உள்பக்கக் கேபின்களில் கடலை நேரலையாகக் காட்டும் பெரிய திரை வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 2011-இல் வந்த டிஸ்னி ட்ரீம் கப்பலில் வட்டச் சன்னல் போலவே ஒரு திரை. கடல் தெரிந்துகொண்டிருக்கும்போது நடுவில் கார்ட்டூன் பாத்திரங்கள் வந்து எட்டிப் பார்க்கும். குழந்தைகளுக்கு நிஜ சன்னலைவிட அதுதான் பிடிக்கும்.

சன்னல் கேபினில் சன்னல் திறக்காது. வெளிச்சம் உண்டு, காற்று இல்லை. 'மறைக்கப்பட்ட காட்சி' என்று விலை குறைத்துப் போட்டிருந்தால், பெரும்பாலும் சன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு தொங்குகிறது என்று அர்த்தம்.

பால்கனியின் மதிப்பு கடல் காட்சியில் இல்லை. அது இன்னொரு அறை. உள்ளே குழந்தை தூங்க, வெளியே நீங்கள் உட்கார்ந்து காபி குடிக்கலாம், புத்தகம் படிக்கலாம், சாதாரணக் குரலில் பேசலாம். பகலில் இரண்டு மணி நேரம் தூங்கும் குழந்தை இருந்தால், ஒரே கேபின்தான் என்றும் முடிவானால், பால்கனிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்துக்கு நான் தயங்க மாட்டேன். பாத்ரூம் தரையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

குழந்தை பால்கனித் தடுப்பில் ஏறி விழுந்துவிடுமோ என்ற பயம் நியாயமானதுதான். அமெரிக்காவில் பயணிகளை ஏற்றி இறக்கும் கப்பல்களில் கைப்பிடித் தடுப்பு குறைந்தது 42 அங்குலம், அதாவது சுமார் 107 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்று அங்கே 2010-இல் சட்டமே வந்தது. மூன்று நாலு வயதுக் குழந்தையின் உயரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாற்காலி ஒன்று தடுப்பை ஒட்டிக் கிடந்தால் அந்த 107 செ.மீ.க்கு அர்த்தம் இல்லை. கண்ட இடத்தில் ஏறும் வயதில் ஒரு குழந்தை இருந்து, நீங்களும் ஒவ்வொரு நிமிடமும் பதறுகிறவர் என்றால் பால்கனி வேண்டாம். ஏழு நாள் காவல் காப்பதற்கு விடுமுறை எதற்கு?

ராயல் கரீபியனின் ஓயாசிஸ் வகைக் கப்பல்களில் கடலைப் பார்க்காமல் கப்பலின் நடுவே உள்ள பூங்காவையோ கேளிக்கைத் திடலையோ பார்க்கும் பால்கனிகளும் உண்டு. பூங்காப் பக்கம் பரவாயில்லை. திடல் பக்கம் வேடிக்கைக்கு அருமை. சீக்கிரம் தூங்கும் குழந்தைக்கு ஆகாது.

குடும்பக் கேபின் என்று தனியாக விற்பதில், பெயரை விட்டுவிட்டு இரண்டு விஷயம் பாருங்கள். பெற்றோர் கட்டிலுக்கும் பிள்ளைகள் படுக்கைக்கும் நடுவே திரையோ தடுப்போ உண்டா? கழிப்பறையும் குளிக்கும் இடமும் தனித்தனியா? டிஸ்னியின் பெரும்பாலான கேபின்களில் இரண்டும் உண்டு. 2024-இல் ஓட ஆரம்பித்த ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலின் குடும்பக் கேபின் ஒன்றில் பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டிலோடு தனி மூலையே ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு சாதாரணத் துணித் திரை இருபது சதுர அடி கூடுதல் இடத்தைவிட மேல்.

ஐந்தாம் படி: தள வரைபடத்தை மூன்று தடவை படியுங்கள்

கப்பலைப் பூங்காவில் இருக்கும் சீசா பலகை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் ஏறி இறங்கும், நடு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பக்கவாட்டில் சாயும்போது உயரமான தளங்கள் அதிகம் ஆடும். அதனால் ஆட்டம் குறைவான இடம், கப்பலின் நடுவில், கீழ்த் தளங்களில். கப்பலின் பக்கத்தில் நீட்டியிருக்கும் துடுப்பு போன்ற கருவிகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும்; முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதைக் குறைக்காது. காரில் போனாலே வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் முன்முனைக் கேபினைத் தொடாதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

அப்புறம் சத்தம். உங்கள் தளத்தின் வரைபடத்தைப் பார்த்தால் போதாது; அதற்கு மேல் தளம், கீழ்த் தளம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருப்பதுதான் நல்ல இடம். ஒரு தடவை நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே கேபின் எடுத்தோம், குளத்துக்கு ஓடிவிடலாமே என்று. விடிவதற்குள் மேலே சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசை போட ஆரம்பித்துவிடுவார்கள். கர்ர்ர் என்று ஒன்று, ஐந்து நொடி இடைவெளி, மறுபடி கர்ர்ர். சின்னவள் மூன்றாவது நாற்காலியில் எழுந்துவிடுவாள். கீழே நாடகக் கூடமோ நடனக் கூடமோ இருந்தால் இதே கதை நள்ளிரவில் நடக்கும். வரைபடத்தில் எதுவும் எழுதாமல் வெள்ளையாக விட்ட இடங்களைச் சந்தேகப்படுங்கள். சமையல் கட்டோ ஊழியர்களின் வேலையிடமோ இருக்கலாம். கீழ்த் தள முன்பகுதியில் நங்கூரச் சங்கிலியின் சத்தமும், பின்பகுதியில் இயந்திர அதிர்வும் வரும்.

உள்கதவு உள்ள கேபின் உங்களுக்குத் தேவையில்லை என்றால் அதை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தக் கதவு வழியாகப் பக்கத்துக் கேபினின் இருமல்கூடக் கேட்கும். உங்கள் குழந்தையின் அழுகையும் அங்கே கேட்கும்.

தூரமும் ஒரு விஷயம். ஐகான் ஆஃப் த சீஸின் நீளம் 365 மீட்டர். 'அவசரமா வருது' என்று ஒரு மூன்று வயதுக் குழந்தை சொன்ன பிறகு அதில் பாதி தூரம் நடப்பதை யோசித்துப் பாருங்கள். லிஃப்டிலிருந்து ஏழெட்டுக் கதவு தள்ளி இருப்பது நல்லது. லிஃப்டை ஒட்டியே வேண்டாம், அங்கே ராத்திரி முழுக்கப் பேச்சுக் குரல்.

ஆறாம் படி: சின்ன விஷயங்கள்

பாத்ரூமில் பெரும்பாலும் ஷவர்தான், தொட்டி இருக்காது. ஷவரில் நிற்கப் பயப்படும் குழந்தை என்றால் தொட்டி உள்ள கேபினாகக் கேளுங்கள், அல்லது காற்றடைக்கும் சின்னத் தொட்டி ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் உயர்ந்த நிலைப்படி இருக்கும். நடை பழகும் குழந்தை முதல் நாளே தடுக்கி விழும்.

கேபின் கதவு சில கப்பல்களில் 60 செ.மீ. அகலம்கூட இருக்காது. தள்ளுவண்டியை நடைவழியில் விட்டுவைக்கவும் அனுமதி இல்லை. குடைபோல மடங்கும் வண்டியாகக் கொண்டுபோங்கள். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும். சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டும். ஈர நீச்சல் உடை, தொப்பி எல்லாம் மாட்டலாம். பிளக் பாயிண்ட் குறைவு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோனால் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு, தீ விபத்து பயம்தான் காரணம். யூஎஸ்பி சார்ஜர் ஒன்று போதும்.

ஏழாம் படி: புக்கிங்

கேபின் எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள். 'கேரண்டி' என்று மலிவாக விற்பதில் வகை மட்டும்தான் உறுதி. எந்த இடம் என்பதைக் கப்பல்காரர்கள் கடைசியில் முடிவு செய்வார்கள். புதுமணத் தம்பதிக்குச் சரி, இத்தனை கணக்குப் போட்ட உங்களுக்குச் சரிப்படாது. இரண்டு கேபின் எடுத்திருந்தால் இரண்டு பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். இலவசமாக மேல் வகைக்கு மாற்றுகிறோம் என்று பிற்பாடு அழைப்பு வந்தால், தள வரைபடத்தைப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். ஒரு கேபின் மட்டும் மாறி, கனெக்டிங் கதவு கையைவிட்டுப் போகலாம்.

தொட்டில், கட்டிலுக்குப் பக்கத் தடுப்பு ஆகியவற்றைப் புக்கிங்கின்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை குறைவு, முந்தினவருக்குத்தான் கிடைக்கும். நாலு பேர் கேபின்களும் கனெக்டிங் கேபின்களும் ஒரு கப்பலில் கொஞ்சம்தான். பள்ளி விடுமுறை நாட்களுக்கு, பயணத் தேதி அறிவித்த உடனேயே பார்ப்பது நல்லது.

எட்டாம் படி: ஏறிய முதல் மணி நேரம்

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் பால்கனி நாற்காலிகளைத் தடுப்பிலிருந்து தள்ளிப் போடுங்கள், இல்லை உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா என்று குழந்தையையே திறக்கச் சொல்லிப் பாருங்கள். கேபின் கதவு கனமானது, தானாகச் சாத்திக்கொள்ளும், விரல்கள் பத்திரம். குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கக் கேபின் இருட்டில் குழந்தை பயந்தால், பல கப்பல்களில் கப்பலின் முன்பக்கக் கேமராவைக் காட்டும் டிவி சேனல் ஒன்று உண்டு. சத்தத்தைக் குறைத்து அதை ஓட விட்டால் ராத்திரி விளக்குமாச்சு, விடிந்ததும் தானாக வெளிச்சமும் வரும்.

அப்புறம் உங்கள் கேபினைக் கவனிக்கும் ஊழியரைக் கண்டுபிடித்துப் பெயர் கேட்டுப் பேசுங்கள். மாலையில் சோஃபாவைப் பிரித்து, மேல் படுக்கையை இறக்கிவைக்க அவர்தான் வருவார். அவர் வரும் நேரமும் உங்கள் சின்னது கண்ணசரும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், எட்டுக்கு மேல் கதவைத் தட்ட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.